கம்பளி இன்சுலேஷனில் கோளாறா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

செம்மறி ஆட்டுக் கம்பளியைக் கூரைக்கடியிலோ சுவருக்குள்ளோ வெப்பக்காப்பாக வைத்தவர்கள் சொல்லும் புகார்கள் பலவிதம். பூச்சி பறக்கிறது, நாறுகிறது, ஈரம் கசிகிறது, பஞ்சு கீழே இறங்கிவிட்டது, போட்டும் சூடு குறையவில்லை. ஆனால் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசிப் புகார்கள் இரண்டே காரணங்களில் போய் முடியும். ஒன்று, சரியாகக் கழுவிப் பதப்படுத்தாத கம்பளி. இன்னொன்று, வரக்கூடாத வழியில் வந்த தண்ணீர். கம்பளியை மாற்றிவிட்டு இந்த இரண்டில் ஒன்றை அப்படியே விட்டால் புதுக் கம்பளியிலும் அதே கதைதான்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: நல்ல டார்ச், ஒரு லென்ஸ், கையுறை, முகக்கவசம், இறுக மூடக்கூடிய பிளாஸ்டிக் பைகள், கிராம் காட்டும் தராசு. மரத்தில் குத்தி ஈரம் பார்க்கும் முள் மீட்டர் கிடைத்தால் வேலை பாதி சுலபம். எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று இடங்களில் ஒவ்வொரு பிடி கம்பளி எடுங்கள்: ஓரத்தில், நடுவில், கை எட்டும் ஆழத்தில். தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், வெள்ளைத் தாளில் உதறிப் பாருங்கள். மேலாகப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கம்பளி மேலே நன்றாக இருந்து அடியில் கெட்டுப்போயிருப்பது சகஜம்.

அறிகுறி: வீட்டுக்குள் சின்னச் சின்னப் பூச்சிகள்

இதில்தான் அதிகப் பீதி. தவறான முடிவுகளும் இதில்தான் அதிகம். முதலில் பறப்பது எது என்று பாருங்கள். மாவிலும் தானியத்திலும் வரும் அந்து வேறு. அதன் சிறகு இரண்டு நிறமாக, முன்பாதி வெளிறியும் பின்பாதி செம்பு நிறமாகவும் இருக்கும். அது அலமாரியில் இருக்கும் மாவுப் பையிலிருந்து வருகிறது, கம்பளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சி வைக்கோல் நிறத்தில், சற்றே மினுமினுப்பாக, 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். விளக்கைத் தேடி வராது. வெளிச்சம் பட்டால் ஓடி மடிப்புக்குள் ஒளியும். விளக்கைச் சுற்றுகிற பூச்சியைக் காட்டி கம்பளியைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் தப்புக் கணக்கு.

இரண்டாவது எதிரி கம்பள வண்டு. 2 முதல் 4 மில்லிமீட்டர், உருண்டையாக, முதுகில் திட்டுத் திட்டாக நிறம். வளர்ந்த வண்டு பூந்தாது தேடி வெளியே போகப் பார்க்கும், அதனால் ஜன்னல் விளிம்பில் செத்துக் கிடக்கும். தின்பது அதன் புழு: பழுப்பு நிறம், உடல் முழுக்க முடி. அந்துப்பூச்சியிலும் அப்படித்தான், பறக்கிற பூச்சி எதையும் தின்பதே இல்லை. சேதம் முழுவதும் வெண்ணிறப் புழுவின் வேலை.

அடுத்து, எடுத்து வைத்த பிடிகளை லென்ஸில் பாருங்கள். தாளில் மணல் மாதிரி குருணை உதிர்ந்தால் அது புழுவின் எச்சம். கம்பளி என்ன நிறமோ அதே நிறத்தில் இருப்பதால் வெறும் கண்ணுக்குத் தூசி போலத் தோன்றும். பட்டு நூலால் பின்னிய மெல்லிய குழாய்கள் இருந்தால் அந்துப்புழு. உரித்துப் போட்ட முடியுள்ள தோல்கள் இருந்தால் வண்டுப் புழு. இழைகளை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல கம்பளி நீண்ட இழைகளாகப் பிரியும். தின்னப்பட்டது பொடிப்பொடியாகக் கையோடு வந்துவிடும்.

புழு இருப்பது உறுதியானால் மூன்று கேள்விகள்.

முதலாவது, இந்தக் கம்பளிக்குப் பூச்சிப் பாதுகாப்பு செய்திருக்கிறார்களா? வெண்காரம் போன்ற போரான் உப்புகள், பெர்மெத்ரின், பொட்டாசியம் ஃபுளோரோடைட்டனேட் ஆகியவை வழக்கமாகப் பயன்படுபவை. ரசாயனம் சேர்க்காமல் பிளாஸ்மா முறையில் இழையின் மேற்பரப்பை மாற்றுகிறவர்களும் உண்டு. வாங்கிய பொருளின் விவரத்தாளில் எது என்று எழுதியிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ 3998 முறைப்படி புழு விட்டுச் சோதித்த முடிவு இருந்தால் நல்லது. ‘இயற்கையானது, எதுவும் சேர்க்கவில்லை’ என்பதையே பெருமையாக எழுதியிருந்தால் அதுதான் உங்கள் விடை. கழுவி மட்டும் வைத்த கம்பளி புழுவுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். கம்பளியிலுள்ள கொழுப்பே பூச்சியை விரட்டிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். அழுக்கும் வியர்வை உப்பும் உள்ள கம்பளிதான் புழுவுக்கு இன்னும் பிடிக்கும்.

இரண்டாவது, தண்ணீர் பட்டதா? போரான் உப்பு நீரில் கரையக்கூடியது. கூரை ஒழுகிய இடத்தில் அது கரைந்து வழிந்திருக்கும். வருடக்கணக்காகத் தொல்லை இல்லாத கம்பளியில், ஒழுகிய மூலையில் மட்டும் புழு வைப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

மூன்றாவது, வேறெங்காவது பிறப்பிடம் இருக்கிறதா? கூரைச் சந்தில் பழைய பறவைக் கூடு, செத்த எலி, மறந்துபோன கம்பளிப் போர்வை. இறகு, ரோமம் எல்லாமே கெராட்டின் புரதம்தான். புழுவுக்கு எல்லாம் ஒன்று. அதை அகற்றாமல் கம்பளியில் கைவைப்பது வீண்.

பதப்படுத்திய கம்பளியில் ஒரு மூலையில் மட்டும் தொல்லை என்றால், பாதித்த பகுதியைத் தாண்டி ஒரு மீட்டர் வரை வெட்டியெடுத்து, அங்கேயே பையில் போட்டுக் கட்டி, இன்னொரு பைக்குள் வைத்து வெளியேற்றுங்கள். உதறாமல் எடுக்க வேண்டும். சட்டங்களின் சந்துகளை வேக்குவம் க்ளீனரால் உறிஞ்சி, அதன் பையையும் அதே கையோடு அப்புறப்படுத்துங்கள். காப்பாற்றியே ஆக வேண்டிய சிறிய துண்டு இருந்தால் மூடிய பையில் மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். முட்டை, புழு இரண்டும் சாகும். ஆனால் வெளியே எடுத்ததும் பாதுகாப்பு எதுவும் இருக்காது, திரும்பவும் வரலாம்.

பதப்படுத்தாத கம்பளி வீடு முழுக்க இருந்து அதில் புழு வைத்திருந்தால், என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: மொத்தமாக எடுத்துவிடுங்கள். மேலிருந்து மருந்து தெளிப்பதால் மேல்பரப்பு மட்டும் நனையும், 100 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அந்துருண்டை போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அந்த ஆவி நீங்கள் தூங்கும் அறைக்குத்தான் இறங்கும். ஆண் பூச்சியைக் கவர்ந்து ஒட்டவைக்கும் பொறி பயன்படும், ஆனால் எண்ணிப் பார்ப்பதற்கு மட்டும். பொறியில் விழுவது குறைந்தால் நிலைமை அடங்குகிறது என்று அர்த்தம், பொறியே அடக்காது. புழு இரண்டு மாதத்திலும் வளரலாம், குளிரும் பசியும் இருந்தால் இரண்டு வருடமும் இழுக்கலாம். எனவே எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகும் ஒரு வருடமாவது பொறியை வைத்திருங்கள்.

அறிகுறி: நாற்றம்

எந்த நாற்றம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புதிதாக வைத்ததும் வரும் லேசான ஆட்டு வாடை கொழுப்பின் மிச்சம். காற்றோட்டம் இருந்தால் சில வாரங்களில் அடங்கும். வாடை கடுமையாக இருந்து, தொட்டால் கையில் பிசுபிசுக்கிறது, இழைக்கிடையில் சாணத் துணுக்கும் முள்ளும் தெரிகிறது என்றால் கம்பளி சரியாகக் கழுவப்படவில்லை. வெட்டியெடுத்த கம்பளியில் எடையில் 10 முதல் 25 சதவீதம் வரை கொழுப்பே இருக்கும். வெந்நீரும் சோப்பும் வைத்துப் பலமுறை அலசினால்தான் போகும். உள்ளே வைத்துவிட்ட பிறகு அதற்குத் திருத்தம் கிடையாது. எடுத்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வெயில் நாட்களில் மட்டும் வாடை வந்து மற்ற நாட்களில் இல்லையென்றால் கூரை சூடேறுகிறது, அறைக்கும் கூரைச் சந்துக்கும் நடுவில் காற்று புகும் ஓட்டை இருக்கிறது. விளக்குத் துளை, ஒயர் போகும் துளை, சீலிங் விளிம்பு ஆகியவற்றை அடைத்தாலே போதும்.

அழுகல் முட்டை மாதிரியோ மூக்கைக் குத்துகிற அமோனியா மாதிரியோ இருந்தால் தாமதிக்காதீர்கள். கெராட்டினில் கந்தகம் உண்டு; கம்பளி சிதைந்தால்தான் இந்த நாற்றம் வரும். நீண்ட நாள் நனைந்து பாக்டீரியா தின்றிருக்கும், அல்லது காரம் (சிமெண்ட், சுண்ணாம்பில் உள்ள ஆல்கலி) பட்டிருக்கும். காரம் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

அறிகுறி: ஈரம், கறை, பூஞ்சை

கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை இழைக்குள் வாங்கிக்கொள்ளும், தொட்டால் ஈரமாகவே தெரியாது. இது அதன் பெரிய பலம். காற்று ஈரமாக இருக்கும்போது வாங்கி, உலரும்போது விட்டுவிடும். ஆனால் கோளாறு தேடுகிறவருக்கு இதே குணம் தொல்லை. கை வைத்துப் பார்த்து ‘காய்ந்துதான் இருக்கு’ என்று சொல்லும்போது பக்கத்து மரச்சட்டம் ஊறிப்போயிருக்கலாம். எனவே மீட்டரைக் கம்பளியில் குத்தாமல் மரத்தில் குத்துங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போய் அங்கேயே நின்றால் மரம் அழுகத் தொடங்கும் நிலை.

மீட்டர் இல்லையா? சந்தேக இடத்திலிருந்து 100 கிராம், நன்றாக இருக்கும் இடத்திலிருந்து 100 கிராம். இரண்டையும் ஒரே அறையில், ஃபேன் காற்றில் இரண்டு நாள் விரித்து வைத்துத் திரும்ப எடை போடுங்கள். நல்லது ஓரிரு கிராமுக்கு மேல் மாறாது. சந்தேகப்பட்டது 10 கிராமுக்கு மேல் இழந்தால் அங்கே ஈரம் தங்குகிறது.

இனி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒழுகலையும் வியர்ப்பதையும் பிரித்தறிய நாட்காட்டியே போதும். மழைக்குப் பிறகு, ஒரே இடத்தில், விளிம்பு பழுப்பான வட்டக் கறை என்றால் ஒழுகல். மழையே இல்லாமல், மேகமில்லாத இரவுக்கு மறுநாள் காலையில், பரவலாக ஈரம் என்றால் வியர்ப்பு. உலோகத் தகடு இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதன் அடிப்பக்கத்தில் பனி போல நீர் கோத்து, குறிப்பாகத் திருகாணி முனைகளில் திரண்டு, சொட்டுச் சொட்டாகக் கம்பளியில் விழும். விடியற்காலையில் டார்ச்சோடு மேலே ஏறினால் இந்த முத்துக்களை வரிசையாகப் பார்க்கலாம். பத்து மணிக்கு ஏறினால் ஒன்றும் இருக்காது, ‘ஒழுகலே இல்லையே’ என்று இறங்கிவிடுவீர்கள்.

ஒழுகல் என்றால் கூரையைச் சரிசெய்யுங்கள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வியர்ப்பு என்றால், தகட்டுக்கும் கம்பளிக்கும் இடையில் நீரை விடாமல் நீராவியை மட்டும் விடும் படலம் ஒன்றை, கூரைச் சரிவோடு ஓரம் வரை வடியும்படி போட வேண்டும். அதற்கும் தகட்டுக்கும் நடுவே 25 முதல் 50 மில்லிமீட்டர் காற்று ஓடும் இடைவெளி. கம்பளியைத் தகட்டோடு ஒட்டித் திணிப்பது இந்தத் தொல்லையை விலைகொடுத்து வாங்குவது.

மூன்றாவது வழி வீட்டுக்குள்ளிருந்து. குளியலறையும் சமையலறையும் வெளியேற்றும் ஆவி, சீலிங் ஓட்டை வழியாக மேலே ஏறிக் குளிர்ந்த பரப்பில் நீராகும். குளிர்ப் பிரதேசங்களில் இதற்காகத்தான் அறைப்பக்கம் நீராவித் தடுப்புப் படலம் போடுகிறார்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெப்பமும் புழுக்கமும் மிகுந்த ஊரில் குளிர்சாதனம் ஓடும் அறைக்கு அதையே அப்படியே செய்தால் தலைகீழாகிவிடும். அங்கே ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது, குளிர்ந்திருப்பது அறைப்பக்கம். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் ஷீட்டோ வினைல் வால்பேப்பரோ இருந்தால் நீர் அதன் பின்னால் கோத்துக்கொள்ளும். ஜிப்சம் போர்டின் பின்பக்கம் பூஞ்சை, முன்பக்கம் பெயின்ட் பளபளப்பு. அப்படியென்றால் உட்புறப் படலத்தை எடுத்துவிட்டு, வெளிப்புறத்தில் காற்று புகாமல் அடைப்பதே சரி. எந்தப் பக்கம் சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தடுப்பு.

பூஞ்சை கண்ட கம்பளியைக் காயவைத்துத் திரும்ப வைக்கலாமா? கம்பளி இழையைவிட அதில் படிந்த தூசியும் அழுக்கும்தான் பூஞ்சைக்கு முதல் உணவு. சுத்தமான கம்பளி, ஒருமுறை நனைந்து, ஓரிரு நாளில் காய்ந்தது என்றால் வைக்கலாம். போரான் போட்டதாக இருந்தால் பூச்சிப் பாதுகாப்பு குறைந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். கறுப்பு, பச்சைப் புள்ளி தெரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அறிகுறி: போட்டும் சூடு குறையவில்லை

கம்பளியின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு சுமார் 0.035 முதல் 0.042 வாட். கண்ணாடி இழை, கல் இழை போன்றவற்றுக்கு ஏறத்தாழ சமம். அதிலிருந்து மாயம் எதிர்பார்க்க முடியாது, குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். 100 மில்லிமீட்டர் தடிமனுக்கு வெப்பத்தடை வாட்டுக்கு 2.6 சதுர மீட்டர்-கெல்வின் அளவில் வரும். அந்தத் தடிமன் உண்மையில் இருக்கிறதா என்று அளவுகோலைச் செருகிப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் சந்துக்குள் 100 மில்லிமீட்டர் கம்பளி மெத்தையைத் திணித்திருந்தால், பணம் 100-க்கு, பலன் 50-க்கு. வெப்பத்தைத் தடுப்பது இழைகளுக்கிடையில் அசையாமல் நிற்கும் காற்று. நசுக்கினால் அது வெளியேறிவிடும்.

தடிமன் சரி என்றால் சந்துகளைப் பாருங்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியே சுழலும். கம்பளி மெத்தையைச் சட்ட இடைவெளியைவிட 10 முதல் 20 மில்லிமீட்டர் அகலமாக வெட்டி, லேசாக அழுத்தி நிறுத்த வேண்டும். வெப்பப்படக் கேமரா வாடகைக்குக் கிடைத்தால் ஒரே மாலையில் எல்லாச் சந்தும் தெரிந்துவிடும். சட்டங்கள் கோடுகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மரத்தின் கடத்துதிறன் கம்பளியைப் போல மூன்று மடங்கு, அப்படித்தான் தெரியும். ரீப்பர் அடித்து அதன் மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு போட்டால் அதுவும் குறையும்.

உலோகக் கூரைக்கு அடியில் இருந்தால் வேறு கணக்கு. வெயிலில் தகடு 60, 70 டிகிரி தொடும், பெரும்பகுதி வெப்பத்தைக் கதிர்வீச்சாகக் கீழே அனுப்பும். பளபளப்பான அலுமினியத் தாள் இதற்குத் துணை செய்யும், ஆனால் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்றிடைவெளி இருந்தால் மட்டும். இரண்டு பக்கமும் கம்பளியும் தகடும் ஒட்டிக்கொண்டிருக்கும் தாள் வெறும் உலோகத் துண்டு. அதோடு அது நீராவியையும் அடைக்கும், மேலே சொன்ன ஈரக் கதையை மறக்காதீர்கள். வெள்ளைப் பூச்சு அடிப்பது பல நேரம் இன்னொரு அடுக்கு கம்பளியைவிட மலிவான தீர்வு.

பகலில் பரவாயில்லை, ராத்திரியில்தான் புழுங்குகிறது என்பவர்கள் தனி ரகம். அவர்கள் வீட்டில் கம்பளி சரியாகவே வேலை செய்கிறது. சுவரும் தரையும் பகலில் ஜன்னல் வழியாக வாங்கிய வெப்பம் இரவில் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிழல், இரவில் எதிரெதிர் ஜன்னல் திறப்பு, இவைதான் மருந்து. கம்பளி எடை குறைந்த பொருள் என்பதால் பகல் வெப்பத்தை மாலைவரை தள்ளிப்போடும் திறனும் குறைவு. அந்த ஒரு விஷயத்தில் அடர்த்தியான மரநார்ப் பலகை அதைவிடக் கெட்டி.

அறிகுறி: சுவருக்குள் சரிந்து, மேலே காலியாகிவிட்டது

சுவரைத் தட்டினால் மேல்பகுதியில் வெற்றுச் சத்தம் வரும், அங்கே சூடும் அதிகம். உதிரிக் கம்பளியைச் செங்குத்தான சந்தில் அடைத்தால் அது இறங்கத்தான் செய்யும். உதிரி என்பது சீலிங் மேல் படுக்கையாகப் பரப்புவதற்கு. சுவருக்கு மெத்தையே சரி. அதையும் மேல்விளிம்பில் துருப்பிடிக்காத ஸ்டேப்பிள் போட்டு, உயரம் அதிகமென்றால் நடுவிலும் பிடித்து நிறுத்துங்கள். சரிவான கூரையில் தொய்ந்து தொங்கினால் கீழே குறுக்காக நாடாவோ வலையோ கட்டினால் தீர்ந்தது.

அறிகுறி: சுருளைப் பிரித்தும் உப்பவில்லை

அவசரம்தான் காரணம். கட்டுக்குள் நசுங்கியிருந்ததைப் பிரித்து, உதறி, ஒரு நாள் விரித்துப் போடுங்கள். இழையின் சுருள் தானாக நிமிரும். அதற்கும் உப்பவில்லையென்றால் பல மாதம் கட்டுக்குள் கிடந்த சரக்கு. அட்டையில் எழுதிய தடிமன் வராததை அளந்து படமெடுத்து, விற்றவரிடம் மாற்றிக் கேளுங்கள்.

அறிகுறி: ட்ரில் சிக்கிக்கொள்கிறது

கம்பளி இருக்கும் சுவரில் துளை போட்டால் இழை ட்ரில் பிட்டில் சுற்றி, ஒரு நொடியில் கை அளவு உருண்டையாகி, பக்கத்து மெத்தையையும் இழுத்துவிடும். பின்னோக்கிச் சுற்றவிட்டால் பாதி விடுபடும், மீதியைக் கத்தியால் அறுக்கவும். துளை போட வேண்டிய இடத்தில் கம்பளியை முன்கூட்டியே கத்தரியால் வெட்டி ஒதுக்குவது, அல்லது துளைக்குள் ஒரு குழாயைச் செருகி அதன் வழியே பிட்டை விடுவது, இந்த இரண்டுதான் வழி. மெத்தையை வெட்டுவதற்கும் பல் கத்தி அல்லது பெரிய கத்தரி. மின்ரம்பம் பக்கமே போகாதீர்கள்.

அறிகுறி: சுவரை ஒட்டிய பக்கம் மஞ்சளாகிப் பொடிகிறது

இதுதான் காரம். புதிதாகப் பூசிய சிமெண்டும் சுண்ணாம்பும் ஈரமாக இருக்கும்போது கடும் காரம், கெராட்டினை அறுத்துவிடும். காஸ்டிக் சோடாவில் கம்பளி முழுதாகவே கரையும், இது அதன் மெதுவான வடிவம். பூச்சு நன்றாக உலரும்வரை கம்பளியை வைக்காதீர்கள். ஓதம் ஏறும் சுவர் என்றால் உலர்ந்ததென்று நம்பி ஒட்டவே வேண்டாம், இடைவெளி விட்டுச் சட்டம் கட்டுங்கள். பொடிந்த பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு வைத்தால் போதும், மீதி மெத்தைக்குக் கேடில்லை.

அறிகுறி: எலி, பறவை

இரண்டும் தின்ன வருவதில்லை, படுக்கை தேடி வருகின்றன. 6 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலையைக் கூரை ஓரத்தில் அடியுங்கள். அவை விட்டுப்போன கூட்டை உடனே எடுத்துவிடுங்கள், அந்துப்பூச்சிக்கு அதுதான் வாசல்.

அறிகுறி: கருகல் வாடை, விளக்குப் பக்கம் நிறம் மாற்றம்

கம்பளி சுலபத்தில் பற்றாது. தீப்பற்ற 570 டிகிரிக்கு மேல் வேண்டும். சுடரை எடுத்தால் பெரும்பாலும் தானே அணையும். நைட்ரஜனும் ஈரமும் நிறைய இருப்பதுதான் காரணம். ஆனால் சுலபத்தில் பற்றாது என்பது வேறு, தீயவே தீயாது என்பது வேறு. சீலிங்கில் பதித்த விளக்கின் மேல் கம்பளியைப் போர்த்தினால் விளக்கின் சூடு வெளியேறாமல் ஒயரும் ஹோல்டரும் கருகும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு விளக்கைச் சுற்றியிருப்பதை விலக்கி, விளக்குத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியோடு தீப்பிடிக்காத மூடி போடுங்கள். நிறைய மின்சாரம் இழுக்கும் ஒயர்களையும் கம்பளிக்குள் புதைக்காமல் மேலே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே புதைந்திருந்தால் ஒயரின் பருமன் அதற்குப் போதுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

இதோடு சேர்த்து, வாங்கியது முழுக் கம்பளியா என்றும் சோதித்துவிடலாம். வீட்டுக்கு வெளியே, இடுக்கியில் ஒரு சிட்டிகை பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு சுருங்கி, விரலால் நசுக்கினால் பொடியாகும் கருப்புச் சாம்பலாகும். உருகிச் சொட்டி, ஆறியதும் கடினமான மணியாகிவிட்டால் அதில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. மெத்தை வடிவம் நிற்பதற்காகச் சிறிதளவு கலப்பவர்கள் உண்டு, அது ஏமாற்று அல்ல. ஆனால் விவரத்தாளில் நூறு சதவீதம் என்று போட்டு மணி மணியாக உருகினால், மிச்சச் சுருள்களைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். பிரித்த சரக்கைத் திருப்பி எடுக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.